திருவனந்தபுரத்துக் கணினியும் மருமக்கள்வழி மரபும்: ஓர் ஆய்வு

வீட்டுக்குக் கணினி வாங்குவது பற்றி இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் பிராசசரில் தொடங்கி விலையில் முடித்திருக்கிறார்கள். ஐ3 போதுமா, ஐ5 வேண்டுமா, ராம் எத்தனை ஜிபி என்று பக்கம் பக்கமாக விவாதித்தவர்கள், வாங்கிய மூன்றாம் மாதம் அது உம்மென்று உட்கார்ந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வியின் பக்கமே போகவில்லை. இத்துறையின் அடிப்படைக் கேள்வியே அதுதான் என்பதும், திருவனந்தபுரத்தில் அதற்கு ஒரே விடைதான் உண்டு என்பதும் இக்கட்டுரையின் துணிபு. அந்த விடை, தங்கை பையன். மருமக்கத்தாயம் எனப்படும் தாய்வழிச் சொத்துரிமையை 1925ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் நாயர் சட்டம் தளர்த்தியது. 1975இல் இயற்றப்பட்ட கேரளக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம், 1976 டிசம்பர் 1 முதல் கூட்டுச்சொத்து முறையையே முடித்து வைத்தது. நிலத்துக்கும் வீட்டுக்கும் நகைக்கும் சரி. ஆனால் சட்டம் எழுதியவர்கள் கணினியைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்த ஒரு சொத்து மட்டும் இன்றும் மாமனிடமிருந்து மருமகனுக்கே போகிறது. அதுவும் மாமன் உயிரோடு இருக்கும்போதே.

முன்வரலாறு தெரியாமல் இதை விளங்கிக்கொள்ள முடியாது. 1729இல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் அரியணை ஏறியது தாய்மாமனுக்குப் பின். முந்தைய அரசரின் பிள்ளைகளான தம்பிமார் தந்தைவழி உரிமை கோரினார்கள். நாகர்கோவிலில் அவர்கள் கதை முடிந்தது. 1750 ஜனவரியில் அதே மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்துவிட்டு, பத்மநாபதாசனாக அதை ஆண்டார். திருப்படிதானம் எனப்படும் இந்த ஏற்பாட்டில் உடைமை ஓரிடம், நிர்வாகம் இன்னோரிடம். இன்றைய வீட்டுக் கணினியின் அரசியல் சாசனமும் இதேதான். பில் மாமா பெயரில், மேஜை மாமாவுடையது, கரண்டுக் காசும் அவர் கொடுப்பது. ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கணக்கின் கடவுச்சொல் மட்டும் மருமகனிடம். பழைய தறவாட்டில், அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தில், மூத்தவரான காரணவர் நிர்வகிப்பார், இளையவனான அனந்தரவன் உண்டு உடுத்து அடங்கியிருப்பான். இப்போது முறை தலைகீழ். புதிதாக எதையாவது நிறுவ வேண்டுமென்றால் திரை கடவுச்சொல் கேட்கிறது. எழுபது வயதுக் காரணவர் பதினேழு வயது அனந்தரவன் டியூஷனிலிருந்து திரும்பும் வரை காத்திருக்கிறார். இது அவமானம் என்று சிலர் சொல்லலாம். ஆனால் தினசரி வேலைக்குக் குறைந்த உரிமையுள்ள கணக்கையே பயன்படுத்தச் சொல்வது கணினிப் பாதுகாப்பின் பாலபாடம். மாமா எந்த மின்னஞ்சல் இணைப்பைத் தட்டினாலும் சேதம் ஓரளவோடு நிற்க வழி இருக்கிறது. காரணவர்களை ஸ்டாண்டர்ட் யூசர் ஆக்கியிருந்தால் எத்தனையோ தறவாடுகள் தப்பியிருக்கும்.

மருமகனுக்கு இந்தத் தகுதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அரசாங்கம் கொடுத்தது. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது இந்த நகரத்தில்தான். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்தார். அதே காலகட்டத்தில் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் படிப்பது லினக்ஸில். தகவல் தொழில்நுட்பம் எஸ்.எஸ்.எல்.சி.யில் தனிப் பாடம். 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று பள்ளி மாணவர் மன்றங்களும் வந்தன. அனிமேஷன், மலையாளக் கணினி, ஹார்டுவேர், இணையப் பாதுகாப்பு எல்லாம் அங்கே பயிற்சி. அரசு ஆவணங்கள் இதைக் கல்வி வளர்ச்சி என்று வகைப்படுத்துகின்றன. உண்மையில் இது, சொத்து கைமாறும் முன் வாரிசுக்குப் பயிற்சி அளிக்கும் திட்டம். மாமா 1980களில் தலைமைச் செயலகத்தில் தட்டச்சுப் பொறியைத் தட்டியவர். கணினியை அவர் இன்றும் சற்று ஓங்கித்தான் தட்டுகிறார்.

பெற்ற மகன் ஏன் கூடாது என்பது இயல்பாக எழும் தடை. மகன் பெங்களூரிலோ டொராண்டோவிலோ இருக்கிறான் என்பது மேலோட்டமான பதில். கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் வேலை பார்த்துக்கொண்டு அதே வீட்டில் குடியிருக்கும் மகன்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களும் அப்பாவின் கணினியைத் தொடுவதில்லை. காரணம் உறவு முறையில் இருக்கிறது. “இதைப் போன வாரம்தானே சொன்னேன்” என்று மகன் அப்பாவிடம் சொல்லலாம். மருமகன் மாமாவிடம் அப்படிச் சொல்ல முடியாது. சொன்னால் விஷயம் அவன் அம்மா காதுக்குப் போகும், அவள் தன் அண்ணனை விட்டுக்கொடுக்க மாட்டாள். ஆகவே ஒரே கோப்பை எங்கே சேமித்தோம் என்ற கேள்விக்கு நான்காம் முறையும் “இதோ பாக்கறேன் மாமா” என்ற பதில் கிடைக்கிறது. பராமரிப்புக்கு முதல் தேவை பொறுமை. அதைக் கட்டாயப்படுத்த வல்ல உறவு, கரமனை, வலியசாலை அக்கிரகாரங்கள் முதல் சாலைக் கடைத்தெருவின் பின்சந்துகள் வரை, இது ஒன்றுதான்.

இனி இடியும் ஈரமும். மற்ற ஊர்களுக்கு எழுதப்பட்ட கணினி வழிகாட்டிகள் இங்கே தோற்பது இந்த இடத்தில்தான். திருவனந்தபுரத்துக்கு மழைக்காலம் இரண்டு: இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை, துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை. இடவப்பாதி நனைக்கும், துலாவர்ஷம் இடிக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னலுக்கு வாய்ப்பு அதிகம் என்றும், மின்கருவிகளின் இணைப்பைக் கழற்றி வைக்கும்படியும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கிறது. இதே நவம்பரில்தான் ஓய்வூதியர்களில் பலர் தாங்கள் உயிரோடிருப்பதாகச் சான்று தர வேண்டும். 2014 நவம்பரில் ‘ஜீவன் பிரமாண்’ என்ற மின்னணுச் சான்றுத் திட்டம் வந்த பிறகு விரல்ரேகைக் கருவியைக் கணினியில் செருகி வீட்டிலிருந்தே அதைச் செய்யலாம். தும்பாவில் ராக்கெட் விட்டவர்களும் தலைமைச் செயலகத்தில் கோப்பு நகர்த்தியவர்களும் நிறைந்த ஊர் இது. மாமா பகல் தூக்கம் முடிந்து காப்பி குடித்துக் கணினி முன் உட்காரும் நேரம் சரியாக நாலு மணி. சான்று தரும் முயற்சியிலேயே ஆபத்தைத் தேடிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு ஈடான நிர்வாக நுட்பம் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. ஸ்பைக் பஸ்டர் என்று விற்கப்படும் பலகை சிறிய ஏற்ற இறக்கங்களைத் தாங்கும். அருகில் விழும் மின்னலுக்கு ப்ளக்கை உருவுவது ஒன்றே மருந்து, அதுவும் இடி கேட்கும் முன்பே. பழைய செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்பு இருந்த காலத்தில் மின்னல் அந்த வழியாகவும் மோடத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து கணினியின் லேன் துளையைத் தீய்த்துவிட்டுப் போகும். ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. ஆனாலும் அதன் பெட்டிக்கு ஓர் அடாப்டர் உண்டு, அதையும் உருவ வேண்டும். மருமகன்வழி அரசியல் சாசனத்தில் காரணவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரம் இந்த உருவுதல்தான். அதையும் பட்டம் பகுதியிலிருந்தோ பேரூர்க்கடையிலிருந்தோ “மாமா, ப்ளக்கை எடுத்தாச்சா?” என்று வரும் வாட்ஸ்அப்தான் நினைவூட்டுகிறது.

ஈரத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கணினியைப் பயன்படுத்தாமல், பூப்போட்ட துணியால் போர்த்தி, பூஜை அறைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தால் நீண்ட நாள் உழைக்கும் என்பது அது. இந்த ஊரில் நடப்பது எதிர்மாறு. ஓடும் இயந்திரம் தன் சூட்டில் தானே உலர்ந்துகொள்கிறது. சும்மா இருப்பது உப்புக்காற்றைக் குடித்து உள்ளே துருப்பிடிக்கிறது. இடவப்பாதி மாதங்களில் தினமும் அரை மணி நேரமாவது அதை ஓடவிட வேண்டும், ஓடும்போது துணியை எடுத்துவிட வேண்டும். ஒருநாள் பீப் பீப் என்று கத்திவிட்டுத் திரை கறுப்பாகவே நின்றால், ராமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மீண்டும் செருகும் சடங்கு உண்டு. மந்திரம் கிடையாது, ஆனால் பெரும்பாலும் பலிக்கிறது. இன்னொரு நாள் கணினி தன்னை 2015ஆம் ஆண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, வங்கித் தளத்தைப் பாதுகாப்பற்றது என்று திறக்க மறுக்கும். பணம் போயிற்று என்று மாமா பதறுவார். போனது மதர்போர்டில் காசு அளவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி. மின்சாரம் போனவுடன் இன்வெர்ட்டர் இருந்தும் டெஸ்க்டாப் அணைந்து எழுகிறதா? பல இன்வெர்ட்டர்களில் ‘யுபிஎஸ்’ முறைக்கு மாற்ற ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. வாங்கிய நாள் முதல் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சி கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. திருவிதாங்கூரோடு இருந்த நாஞ்சில் நாட்டு வேளாளரிடையிலும் மருமக்கள்வழி முறை இருந்தது. மருமகன்கள் சொத்தை விழுங்குவதைத் தாளாமல் அவர் மருமக்கள் வழி மான்மியம் எழுதினார். கணினியிலும் அது உண்மையாகலாம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கரண்டு பில் கட்டவும் யூடியூபில் கச்சேரி கேட்கவும் மாமாவுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு எதற்கு? ஆயினும் மருமகன் தயாரிக்கும் பட்டியலில் அது இருக்கும்; பிற்பாடு ‘அப்கிரேடு’ என்ற பெயரில் அவன் அறைக்குக் குடிபெயரும். இதற்குத் தீர்வு மருமகனை விலக்குவது ஆகாது. பட்டியலைத் திருத்துவது போதும். 8 ஜிபி ராம், முடிந்தால் 16, எஸ்எஸ்டி கட்டாயம், கண்ணுக்கு நல்ல திரை, மற்றதெல்லாம் கழிவு. பழைய பெட்டியே இருந்தால் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. கழற்றிய ஹார்ட் டிஸ்கை மருமகனே எடுத்துக்கொள்ளட்டும். மாமாவின் ஆவணங்களைப் படியெடுத்து வைக்க அவனுக்கு அது பயன்படும் என்பது கொள்கை அளவில் உண்மை.

சர்வீஸ் சென்டர் இருக்கிறதே என்போர், உத்தரவாதக் காலத்தை முழு ஆயுள் என்று மயங்குகிறவர்கள். சர்வீஸ் சென்டர் உடைந்த பாகத்தை மாற்றும்; மாமாவின் கவலையை மாற்றாது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது இது வெளிச்சமானது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டிகள் ஒரே நாளில் தீண்டத்தகாதவை ஆயின. கடைக்காரர் புதியது வாங்கச் சொல்வார், அது அவர் தொழில். பள்ளியிலேயே லினக்ஸ் பழகிய மருமகன் ஒரு பென் டிரைவோடு வந்து, மாலைக்குள் உபுண்டுவை ஏற்றி, ஃபயர்பாக்ஸை மாமா தேடும் அதே மூலையில் வைத்துவிட்டுப் போவான். பிரிண்டர் மட்டும் ஒரு வாரம் முரண்டு பிடிக்கும். எந்தக் கோட்பாடும் பிரிண்டருக்கு விளக்கம் தந்ததில்லை, இதுவும் தராது.

மருமகன் என்றே பேசுகிறாயே, மருமகள் இல்லையா என்ற கண்டனம் நியாயமானது. தாய்வழி முறையில் குடும்பத்தின் வேர் பெண்தான். ஆண்கள் நிர்வாகிகள் மட்டுமே. லிட்டில் கைட்ஸ் மன்றங்களிலும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். தங்கை மகள் கைக்குப் போன கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு பேச்சு குறைவாக எழும் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே இக்கட்டுரை முழுவதிலும் மருமகன் என்று வரும் இடங்களில் மருமகள் என்று படித்தால் கோட்பாடு வலுப்பெறுமே ஒழியக் குலையாது. அவனோ அவளோ ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போய்விட்டால் என்ன என்பதும் பெரிய தடை ஆகாது. எனிடெஸ்க் போன்ற மென்பொருள் வழியே அங்கிருந்தே இங்குள்ள திரையைப் பிடித்து நகர்த்தலாம். நேர வித்தியாசம் ஒன்றரை மணி. அங்கே வேலை முடியும் ஐந்து மணிக்கு இங்கே ஆறரை, சந்தியாவிளக்கு ஏற்றி முடித்து மாமா ஓய்வாக இருப்பார். துலாவர்ஷத்தில் மட்டும் அந்நேரம் ப்ளக் வெளியே கிடக்கும்.

அக்கா தங்கை இல்லாதவர் கதி? இதற்குத் திருவிதாங்கூர் அரண்மனையே முன்மாதிரி வைத்திருக்கிறது. வம்சத்தில் பெண்வழி அறுந்துபோகும் நிலை வந்தபோது, 1900இல் மாவேலிக்கரையிலிருந்து சேது லட்சுமி பாயி, சேது பார்வதி பாயி என்ற இரு சிறுமிகளைத் தத்தெடுத்தார்கள். அவர்களில் இளையவரின் மகன் சித்திரைத் திருநாள் பின்னர் அரசரானார். மருமகனைத் தத்தெடுக்க முடியாதபோது மருமகனைப் பெறுவதற்கான வழியையே தத்தெடுத்த இந்த நுட்பத்தை ஃபிளாட்வாசிகளும் கைக்கொள்ளலாம். மூன்றாம் மாடியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையோடு குடியிருக்கும் அம்மாவைத் தங்கையாகப் பாவித்து, ஓணத்துக்கு உப்பேரியும் சர்க்கரவரட்டியும் ஒரு பொட்டலம் அனுப்பினால் உறவு ஏற்பட்டுவிடும். தத்தெடுப்பை ஒன்பதாம் வகுப்பிலேயே முடிப்பது உசிதம். பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டால் மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு, அந்த மாதம் எந்த மாமாவின் கணினியும் பழுதாக அனுமதி இல்லை.