ஓகேசாமி

நம் ஊரில் "முடியாது" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வது பெரிய குற்றம். கடன் கேட்டு வந்தவரிடம் சொல்லக் கூடாது. கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டுபவரிடம் சொல்லவே கூடாது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் இதற்காகவே "பார்க்கலாம்" என்றொரு சொல்லை வைத்திருந்தார்கள். பார்க்கலாம் என்றால் நடக்காது என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். இருவரும் மோரைக் குடித்துவிட்டு மரியாதையாகப் பிரிந்து போவார்கள். அந்த இடத்தில் இப்போது வேறொருவர் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இவர் பார்க்கலாம் என்றுகூடச் சொல்வதில்லை. "ஓகே" என்கிறார். கேட்டவன் நம்பித் தொலைக்கிறான்.

இவரை ஓகேசாமி என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்கு ஒருவர், குடும்பத்துக்கு ஒருவர் என்று அளவோடு படைக்கப்பட்டவர். அபார்ட்மெண்ட் சங்கம் என்றால் செயலாளர் பதவி நிச்சயம் இவருக்குத்தான். ஏனென்றால் "நீங்க செயலாளரா இருங்களேன்" என்று கேட்டபோதும் ஓகே என்றுதான் சொல்லியிருப்பார். கைபேசி காதில் இருக்கும், கண் வேறெங்கோ இருக்கும், தலை மட்டும் நம் பக்கமாக ஆடிக்கொண்டிருக்கும். கெட்ட மனிதர் அல்ல. யார் மனத்தையும் நோகடிக்காதவர். நோகடிக்கும் வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பவர், அவ்வளவுதான்.

காலையில் மனைவி சொல்கிறார்: "வர்றப்ப கால் கிலோ சின்ன வெங்காயம், ஒரு கட்டு முருங்கைக்கீரை, அப்படியே அயர்ன் கடைல நம்ம துணியையும் வாங்கிட்டு வந்துருங்க."

"ஓகே."

மாலையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நிற்கிறார்.

"வெங்காயம் எங்கே?"

"எந்த வெங்காயம்?"

"காலைல சொன்னேனே, ஓகேன்னீங்களே!"

"ஓகேன்னுதானே சொன்னேன்? வாங்கிட்டு வர்றேன்னா சொன்னேன்?"

இதை அவர் குதர்க்கமாகச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். மனதாரச் சொல்கிறார். அவரைப் பொறுத்தவரை அது வேறு, இது வேறு.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் செய்தி அனுப்பினான்: "சார், வியாழக்கிழமை திருச்சி மீட்டிங்குக்கு பஸ்ல போறோமா, ட்ரெயின்ல போறோமா?" பதில் வந்தது: "ஓகே." பையன் பொறுமைசாலி. "பஸ்ஸா சார், ட்ரெயினா?" என்று மறுபடி கேட்டான். "ஓகே ஓகே." இரண்டு ஓகே வந்ததால் இரண்டிலும் டிக்கெட் போட்டுவிட்டான். ஓகேசாமி யாரோ ஒருவர் காரில் போய்ச் சேர்ந்தார்.

இவருக்குச் சரியான ஜோடி பிளம்பர். "குழாய் சொட்டுது, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்துருங்க." "ஓகே சார்." "கண்டிப்பா வரணும்." "ஓகே சார்." "நான் வீட்டுலயே இருக்கேன்." "ஓகே சார்." மறுநாள் பத்து மணிக்கு பிளம்பரும் வரவில்லை, ஓகேசாமியும் வீட்டில் இல்லை. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு எந்த வருத்தமும் கிடையாது. குழாய்க்குத்தான் ஓகே என்று சொல்லத் தெரியாது. அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கிறது.

ஓகேசாமியோடு பழக வேண்டுமென்றால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சொல் ஒன்றுதான், பொருள் முழுக்க ராகத்தில் இருக்கிறது. சட்டென்று வெட்டி "ஓகே" என்றால், கேட்டாயிற்று, நீ கிளம்பலாம் என்று பொருள். "ஓகே ஓகே" என்று அடுக்கினால் நீ மூன்று நிமிடம் முன்பே கிளம்பியிருக்க வேண்டும். "ஓஓஓ...கே" என்று இழுத்தால் நீ சொன்னதில் ஒரு வார்த்தையையும் அவர் நம்பவில்லை. "ஓகேவா?" என்பது கேட்பதற்குக் கேள்வி போலிருக்கும், முடிவெடுத்து, பணமும் கட்டிவிட்ட பிறகு கேட்கிற கேள்வி அது. எல்லாவற்றிலும் ஆபத்தானது "ஓகேதான்". தமிழில் 'தான்' சேர்த்தால் பொதுவாக அழுத்தம் கூடும். நீதான் என்றால் நீயேதான். ஆனால் இங்கே வந்து ஒட்டிக்கொண்டதும் அதே 'தான்' ஆளைக் கவிழ்த்துவிடுகிறது. "மாப்பிள்ளை எப்படி?" என்று கேட்டு "ஓகேதான்" என்ற பதில் வந்தால் அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. "சாம்பார் எப்படி?" "ஓகேதான்." இரவுச் சாப்பாடு வெளியில்.

சொன்னால் சொன்னபடி நடக்கிற ஓகே ஒன்று சினிமாப் படப்பிடிப்பில் உண்டு. டைரக்டர் "ஷாட் ஓகே" என்றால் ஓகேதான் (இந்த 'தான்' நல்ல 'தான்'). அடுத்த நொடி லைட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள். சினிமாவுக்கு இந்தச் சொல்மேல் தனிப் பாசமே உண்டு போலிருக்கிறது. 2012இல் 'ஒரு கல் ஒரு கண்ணாடி' என்று அழகான தமிழில் ஒரு படம் வந்தது. ஜனங்கள் 'ஓகே ஓகே' என்றே கூப்பிட்டார்கள். 2015இல் வந்த 'ஓ காதல் கண்மணி' நின்றதும் 'ஓகே கண்மணி'யாகத்தான். யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு இந்தத் தொல்லை நம்மளவுக்கு இருக்க நியாயமில்லை. ஆமோதிப்பதற்கு அவர்களிடம் "ஓம்" என்று கச்சிதமான சொல் இருக்கிறது. அங்கேயும் ஓகேசாமிகள் பெருகியிருந்தால் அது விதி.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஓகேசாமியின் குணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1830களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. சொற்களை வேண்டுமென்றே தப்புத் தப்பாக எழுத்துக்கூட்டி, அந்தத் தப்புக்கு ஒரு சுருக்கமும் போட்டுச் சிரிப்பார்கள். 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓல் கொரெக்ட்' என்று கெடுத்து, அதை ஓ.கே. என்று சுருக்கினார்கள். 1839 மார்ச் 23ஆம் தேதி 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' பத்திரிகையில் அது அச்சாகியிருக்கிறது. 'எல்லாம் சரி' என்று சொல்கிற சொல்லிலேயே ஒரு எழுத்தும் சரியில்லை என்பதுதான் அந்த நகைச்சுவை. கூடப் பிறந்த சுருக்கங்கள் எல்லாம் சீக்கிரமே செத்துப்போயின. இது மட்டும் பிழைத்துக்கொண்டது.

பிழைக்க வைத்தது, எதிர்பார்த்தபடியே, அரசியல். 1840இல் ஜனாதிபதி வான் பியூரன் மறுபடி தேர்தலில் நின்றார். அவர் பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிண்டர்ஹுக். அதனால் அவருக்கு 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்று பட்டப்பெயர். சுருக்கினால் அதே ஓ.கே. தொண்டர்கள் ஓ.கே. கிளப் வைத்துக் கோஷம் போட்டார்கள். மூலை முடுக்கெல்லாம் ஓகே பரவியது. வான் பியூரன் தோற்றுப்போனார். உலகத்தில் ஓகேயை நம்பி ஏமாந்த முதல் பெரிய மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்த வரலாறெல்லாம் ரொம்ப நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. சோக்டா என்ற செவ்விந்தியப் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது என்றார்கள் சிலர். அதை நம்பிய ஜனாதிபதி உட்ரோ வில்சன் கோப்புகளில் 'ஓகே'யையே வேறு எழுத்துக்கூட்டி எழுதிவந்தார். ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழியறிஞர் பழைய பத்திரிகைகளைக் குடைந்து, 1963-64இல் தொடர் கட்டுரைகள் எழுதிய பிறகுதான் பாஸ்டன் கதை நிலைபெற்றது. நம் ஊர் அறிஞர்கள் யாரும் இதில் இன்னும் கை வைக்காதது ஆச்சரியம். "ஓ, கேட்டேன்" என்பதன் சுருக்கமே ஓ.கே. என்று ஒருவர் நிறுவியிருக்கலாம். வரலாற்றுப்படி பொய்தான். ஆனால் ஓகேசாமியைப் பொறுத்தவரை பாஸ்டன் கதையைவிட இதுதான் பொருந்துகிறது. அவர் ஓகே என்றால் காதில் விழுந்தது என்று மட்டுமே பொருள். ஒப்புக்கொண்டார் என்றோ, செய்வார் என்றோ நீட்டிப் படிப்பது நம் பேராசை.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. கம்ப்யூட்டர் வந்து நம் எல்லாரையுமே ஓகேசாமி ஆக்கிவிட்டது. ஆப்பிள் நிறுவனம் லிசா என்ற கம்ப்யூட்டரை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, திரையில் 'செய்' என்று பொருள்படும் 'டூ இட்' பொத்தானைத்தான் முதலில் வைத்திருந்தார்களாம். சோதித்துப் பார்க்க வந்தவர்களில் சிலர் இடைவெளியைக் கவனிக்காமல் அதை 'டோல்ட்' என்று படித்துவிட்டார்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மடையன் என்று பொருள். கம்ப்யூட்டர் என்னை ஏன் திட்டுகிறது என்று ஒருவர் முகம் சுளித்தபின் பொத்தானை ஓகே என்று மாற்றினார்கள். மடையன் என்று எழுதியிருந்தால் படித்துப் பார்த்திருப்போம். ஓகே என்று எழுதியிருப்பதால் முப்பது பக்க நிபந்தனைக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு அமுக்குகிறோம்.

சிரிப்புக்கு இடமில்லாத ஒரு ஓகேயும் உண்டு. 1977 மார்ச் 27. கனாரித் தீவுகளில் உள்ள டெனெரிஃப் விமான நிலையம், எங்கும் மூடுபனி. ஓடுபாதையில் நின்ற கே.எல்.எம். விமானத்தின் பைலட், கிளம்புகிறோம் என்று பொருள்படும்படி ரேடியோவில் ஏதோ சொன்னார். கட்டுப்பாட்டு அதிகாரி "ஓகே" என்று தொடங்கி, ஒரு கணம் நிறுத்தி, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றார். அதே நொடியில் பான் அமெரிக்கன் விமானமும் பேசியதால் பின்பாதி கூச்சலில் மங்கிப்போனது. தெளிவாகக் கேட்டது அந்த ஓகே மட்டும். விமானம் பாய்ந்து, அதே ஓடுபாதையில் இருந்த பான் அமெரிக்கன் மீது மோதியது. இறந்தவர்கள் 583 பேர். காரணங்கள் வேறு பலவும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு விமானத் துறை பேச்சுமுறையை இறுக்கியது. முக்கியமான உத்தரவுக்கு வெறும் ஓகே போதாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும்.

ஓகேசாமியின் மனைவி விமானப் பயிற்சி எதற்கும் போனவர் அல்ல. வெங்காயம் இல்லாமல் நாலு நாள் குழம்பு வைத்த பிறகு அவராகவே இந்த முறைக்கு வந்து சேர்ந்தார்.

"என்ன வாங்கிட்டு வரணும்?"

"ஓகேன்னு சொன்னேனே."

"ஓகே வேணாம். என்னன்னு சொல்லுங்க."

"சின்ன வெங்காயம்."

"எவ்வளவு?"

"கால் கிலோ."

"அப்புறம்?"

வாசலில் செருப்பைப் பாதி மாட்டியபடி அவர் யோசித்து நின்றார். "முருங்கைக்கீரை" என்று சொல்லி முடித்த பிறகுதான் கதவு திறந்தது. அன்று மாலை மூன்றில் இரண்டு வீடு வந்து சேர்ந்தன. அயர்ன் துணி வரவில்லை. அதை அவர் திருப்பிச் சொல்லியிருக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஆபீசிலும் ஓகேசாமி இருப்பார். அவரைத் திருத்தப் புறப்படாதீர்கள். நல்ல மனிதர், பாவம். ஆமாம், இல்லை என்று பதில் வருகிற கேள்வியை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு, யார் கையில் என்று கேளுங்கள். பேசி முடித்த பிறகு, தயவுசெய்து, "ஓகேவா?" என்று வாயைத் திறந்துவிடாதீர்கள்.