பகலுறக்க இலக்கணம்: பாலாற்றுப் படுகையை முன்வைத்து ஓர் ஆய்வு

பகலில் தூங்குகிறவரைத் திட்டுவதற்குத் தமிழில் சொற்பஞ்சமே இல்லை. அவரைத் தூங்கவைப்பது எப்படி என்றுதான் யாரும் இலக்கணம் வகுக்கவில்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வின் எல்லை: கிழக்கே ராணிப்பேட்டை, மேற்கே வாணியம்பாடி, நடுவே மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர். 2019-ல் இந்த நிலப்பரப்பை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களாகப் பிரித்தார்கள். வெயிலை மட்டும் பங்கு போடாமல் மூன்றுக்கும் முழுசாகவே கொடுத்துவிட்டார்கள்.

ஆய்வு வினா ஒன்றுதான். இரவெல்லாம் கண்விழித்து வேலை பார்த்தவர் காலை 9 மணிக்குப் படுக்கிறார். அவர் அறையை இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் வைப்பது எங்ஙனம்?

1. முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியம். பாலைத் திணைக்கு வேனிலும் நண்பகலும் உரிய பொழுதுகள். மே முதல் வாரத்தில் கத்திரி பிறந்ததும் வேலூர் எந்தத் திணையைச் சேரும் என்பதில் உரையாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு எழ வாய்ப்பில்லை. "வேலூரில் வெயில் சதமடித்தது" என்று நாளிதழ்கள் எழுதும் 100 டிகிரி பாரன்ஹீட், செல்சியஸ் கணக்கில் 37.8 தான். கத்திரியில் அதற்கெல்லாம் இங்கே யாரும் கைதட்டுவதில்லை. 40 செல்சியஸைத் தாண்டினால்தான் டீக்கடையில் பேச்சே தொடங்கும்.

2. கருப்பொருள்

*மக்கள்:* 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை இன்றைய சி.எம்.சி. அங்கே நைட் டூட்டி முடித்துக் காலையில் வெளியே வரும் நர்ஸுகள் இந்த ஆய்வின் முதல் மாந்தர்கள். அடுத்து ஜோலார்பேட்டை ரயில்வே ஊழியர்கள், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையின் லாரி டிரைவர்கள், பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்காரர்கள், விடியுமுன் அடுப்பு மூட்டும் ஆம்பூர் பிரியாணி மாஸ்டர்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீரைச் சுத்திகரிப்பது தட்டிக்கழிக்க முடியாத கடமையாயிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்து மோட்டாருக்கு இரவு பகல் கிடையாது. அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் கிடையாது.

*தொழில்:* தோல். 1806 ஜூலை 10 பின்னிரவில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கான காரணங்களில், புதிய தலைப்பாகையில் வைத்த தோல் குஞ்சமும் ஒன்று. தோலும் இரவு விழிப்பும் ஒன்று சேர்ந்தால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே மூத்த சான்று.

*பறை:* பிரஷர் குக்கர், பழைய இரும்பு வாங்குகிறவரின் ஒலிபெருக்கி, காலிங் பெல். இவை தனி ஆய்வுக்குரியவை.

*தெய்வம்:* பள்ளிகொண்டாவில் பாலாற்றங்கரையில் சயனக் கோலத்தில் இருக்கும் உத்திர ரங்கநாதர். பகலில் படுத்திருப்பதற்குக் கட்டடக் கலை தந்த மிகப் பழைய விடை அந்தக் கருவறைதான். கனத்த கல் சுவர், ஜன்னல் கிடையாது, எண்ணெய் விளக்கு வெளிச்சம், சுற்றிலும் வெயிலைத் தடுக்கும் மண்டபம். கல் சூடாவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வாடகை வீட்டின் நாலரை அங்குல கான்கிரீட் கூரைக்கு அவ்வளவு பொறுமை போதாது.

3. உரிப்பொருள்

பாலையின் உரிப்பொருள் பிரிவு. இங்கே பிரிந்து வாடுவது கண்ணும் உறக்கமும்.

1729-ல் தெ மைரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமல், பகலானதும் இலை விரிந்தது. உயிருக்குள்ளேயே கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அது முதல் தடயம். அந்தக் கடிகாரத்தின் மரபணுச் சக்கரங்களைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

மனிதரில் இந்தக் கடிகாரம் உடலின் உள்சூட்டை இரவில் இறக்கி, விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்துக்குக் கொண்டுபோய், பிறகு ஏற்றத் தொடங்கும். தூக்கம் இறங்குமுகத்தில்தான் சுலபமாக வரும். நைட் டூட்டிக்காரர் படுப்பதோ ஏறுமுகத்தில். ஆகவே அவர் அறை, இரவில் தூங்குகிறவரின் அறையைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். கிடைப்பது நேர்மாறு.

வெளிச்சத்தின் கதையும் இதுவே. விழித்திரையில் காட்சி காண்பதற்கென்று இல்லாமல், பொழுது பார்த்துக் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருப்பது 2002-ல் உறுதியானது. நீல வெளிச்சம் பட்டால் அவை மூளைக்கு 'விடிந்துவிட்டது' என்று தந்தி அடிக்கும். உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பு அடங்கும். உச்சி வெயில் ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ்; முழுநிலவு 1 லக்ஸ் கூடத் தேறாது. மூடிய இமையும் வெளிச்சத்தை முழுக்கத் தடுப்பதில்லை.

வீடு திரும்பும் வழியிலேயே கறுப்புக் கண்ணாடி போடலாம் என்பது நிபுணர்கள் சொல்லும் உபாயம். தமிழகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி புதிதல்ல. ஆனால் காலை 8 மணிக்குக் காட்பாடி பஸ்ஸில் போட்டு ஏறினால் 'மெட்ராஸ் ஐ' என்று பக்கத்து சீட் காலியாகும். அதுவும் ஓர் ஆதாயமே.

4. பிறர் மதமும் மறுப்பும்

இருட்டும் குளிர்ச்சியும் ஒரே அறையில் குடித்தனம் நடத்தச் சம்மதிப்பதில்லை. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் வெளிச்சம். இந்தச் சிக்கலை அவிழ்க்க முயன்றவர்கள் நான்கு மதத்தினர்.

முதலாவது திரைச்சீலை மதம். உள்ளே கனத்த திரை போட்டால் இருட்டு கிடைக்கும். ஆனால் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில், திரையைச் சூடாக்கி அறைக்குள்ளேயே தங்கிவிடும். அதே துணியை ஜன்னலுக்கு வெளியே கட்டினால் வெப்பம் வாசலோடு நின்றுவிடும். தோல் பூமியில் தோலையே திரையாக்கினால் என்ன என்று கேட்பவர் உண்டு. கறுப்புத் தோல் வெளிச்சத்தை மறைக்கும், வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஏற்றுமதித் தரம் என்பதெல்லாம் சூரியனுக்குத் தெரியாது.

இரண்டாவது மின்விசிறி மதம். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை ஆற்றுகிறது. காற்று 40 டிகிரியைத் தொட்டால் விசிறி உடம்பைச் சூடாக்கவே செய்யும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மூன்றாவது வெட்டிவேர்த் தட்டி மதம்; அதன் இன்றைய கிளை ஏர் கூலர். உலர்ந்த காற்று நீரை உறிஞ்சிக் குளிரும். எனவே கடலோரச் சென்னையைவிட உள்நாட்டு வேலூரில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஈரக்காற்று வெளியேற வழி வேண்டும். இருட்டுக்காக எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் கூலரை ஓட்டினால், அறை இட்லிக் கொப்பரை ஆகும்.

நான்காவது ஏ.சி. மதம். இதற்கு மறுப்பில்லை, மின் கட்டணமே போதும்.

நால்வரும் கவனிக்காதது தலைக்கு மேல் இருக்கிறது. கோடையில் மொட்டை மாடித் தளம் 60 டிகிரியையும் தாண்டிக் கொதிக்கும். வெள்ளை பூசினால் வெயிலில் பெரும்பங்கு திரும்பிப் போய்விடும். அறைச் சூடு 2 முதல் 5 டிகிரி வரை குறையும். தெலங்கானா 2023-ல் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது.

இன்னொன்றும் உண்டு. வீடு குளிர வேண்டிய இரவு நேரத்தில் நைட் டூட்டிக்காரர் வீட்டில் இருப்பதில்லை. திருடனுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திப் பூட்டிவிட்டுப் போகிறார். பகலில் வாங்கிய சூடு உள்ளேயே கிடந்து, காலையில் அவரை வரவேற்கிறது.

5. முடிபு

பதனிட்ட தோலை நேர் வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும் என்பது டேனரியில் எல்லாருக்கும் தெரியும். அதனால் நிழலில், காற்றாடத் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். வெயிலை வெளியே நிறுத்து, காற்றை உள்ளே விடு என்ற அந்த முறையைத் தோல் பெற்றிருக்கிறது. தோலுக்குள் இருக்கும் மனிதர் இன்னும் பெறவில்லை என்பதே இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு.

பரிந்துரைகள் வருமாறு. கம்பியும் வலையும் அடித்த வெண்டிலேட்டரை இரவெல்லாம் திறந்து வைத்து, காலை 8 மணிக்குச் சாத்துக. திரையை ஜன்னலுக்கு வெளியே கட்டுக. கீழ்த்தள அறை கிடைத்தால் விடாதீர்கள். படுப்பதை மதியத்துக்குத் தள்ளாதீர்கள். கூரை வாங்கிய சூடு பிற்பகலில்தான் முழுசாக உள்ளே இறங்கும்.

கடைசியாக வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஏப்ரலுக்குள் மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். வாடகையை உயர்த்த எப்படியும் ஒரு காரணம் தேடுவீர்கள். இந்த வருஷமாவது அது நியாயமானதாக இருக்கட்டும்.