ரெனியூவல் பிரிவு அதிகாரி அவர்கள் சமுகத்துக்கு

அனுப்புநர்:
தங்கள் 'மதிப்புமிக்க வாடிக்கையாளர்',
தாமிரபரணிக் கரை,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
ரெனியூவல் பிரிவு அதிகாரி அவர்கள்,
நாட்டிலேயே மலிவானது என்று தன்னைத் தானே அறிவித்துக்கொண்ட வெப் ஹோஸ்டிங் நிறுவனம்.
(அஞ்சல் முகவரி தங்கள் தளத்தில் தேடியும் அகப்படவில்லை.)

பொருள்: மாதம் 69 ரூபாய் மாதம் 299 ரூபாயாகப் பதவி உயர்வு பெற்றமை – பாராட்டுத் தெரிவித்தல் – டொமைனை மாற்ற ஈபிபி கோடு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 'அவசரம்! உங்கள் இணையதளம் மறைந்துபோகலாம்' என்ற தலைப்பில் தாங்கள் சலிக்காமல் அனுப்பிவரும் மின்னஞ்சல்கள்.

ஐயா / அம்மையீர்,

எங்கள் பக்கத்துப் பாசனக் குளங்களைப் பற்றி அவ்வப்போது எழுதும் குறிப்புகளையும் நாலு போட்டோக்களையும் போட்டுவைக்க ஒரு சின்ன இணையதளம் வைத்திருப்பவன் நான். அதைத் தாங்கள்தான் நான்கு ஆண்டுகளாகத் தாங்கிவருகிறீர்கள். அந்த நன்றியோடு இதை எழுதுகிறேன்.

முதலில் தங்கள் கணிதத் திறமைக்கு ஒரு கும்பிடு. மாதம் 69 ரூபாய் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். ஆனால் மாதாமாதம் 69 ரூபாய் கட்ட அங்கே வழியே கிடையாது. 48 மாதத்துக்கும் சேர்த்து முன்பணமாகக் கட்டினால்தான் அந்த விலை. 3,312 ரூபாய். கடைசிப் பக்கத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி வந்து உட்கார்ந்ததும் 3,908. போகட்டும், நான்கு வருடத்துக்கு இது கொள்ளை மலிவு என்று ஊரில் நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது வந்திருக்கும் ரெனியூவல் பில்லில் மாதம் 299. மறுபடி 48 மாதம், மறுபடி ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 16,935 ரூபாய். குளமும் அதேதான், குறிப்புகளும் அவைதான், சர்வரும் மாறவில்லை. பழைய ஆள் என்பதற்காக 'விசுவாசத் தள்ளுபடி 50 சதவீதம்' என்று வேறு அதில் எழுதியிருக்கிறது. எதில் 50 சதவீதம்? மேலே குறுக்கே கோடு போட்டு அடித்துவைத்திருக்கும் 599 ரூபாயில். அந்த 599 ரூபாயைக் கொடுத்து இதுவரை உலகத்தில் ஒரு ஜீவனாவது இதை வாங்கியிருக்கிறதா என்று அறிய ஆவல். அடிப்பதற்கென்றே பிறந்த விலை போலிருக்கிறது.

இந்தத் தொகையைக் கார்டிலிருந்து சத்தமில்லாமல் உருவிக்கொள்ளத் தாங்கள் முயன்றதும், முடியாமல் போனதும் தெரியும். இந்த மாதிரி ஆட்டோ டெபிட்டில் 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்க வேண்டும், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாகவே தகவல் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. பேராசையைக் கொஞ்சம் அடக்கி 42 மாதத்துக்கு மட்டும் கேட்டிருந்தால் 14,818 ரூபாயில் காரியம் முடிந்திருக்கும். அடுத்தமுறைக்கு உதவட்டும் என்று சொல்கிறேன்.

அடுத்தது, எனக்குத் தாங்கள் ஒதுக்கித் தந்த 100 ஜிபி இடம். தமிழ் எழுத்து கம்ப்யூட்டரில் கொஞ்சம் அதிகமாகவே இடம் பிடிக்கும். 'க' என்பதற்கு மூன்று பைட், 'கு' என்றால் ஆறு. அப்படியும் 1,330 குறளையும் வரிசையாக டைப் செய்து சேமித்தால் அரை எம்பிக்குள் அடங்கிவிடும். தாங்கள் தந்த இடத்தில் இரண்டு லட்சம் திருக்குறள்களை அடுக்கலாம். வள்ளுவருக்கே இவ்வளவு தேவைப்பட்டிருக்காது. என் குறிப்புகள் எல்லாம் சேர்ந்து ஓர் எம்பி. போட்டோக்களைச் சுருக்கிப் போட்டதில் ஓர் ஐம்பது எம்பி. மிச்சம் தொண்ணூற்றொன்பது சொச்சம் ஜிபியும் நான்கு வருடமாகக் காற்றாடிக்கொண்டிருக்கிறது.

அதை நான் நிரப்பப்போவதில்லை என்பது தங்களுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் ஒரே சர்வரை என்னைப் போன்ற பல நூறு பேருக்குப் பிரித்து விற்கிறீர்கள். ஷேர்டு ஹோஸ்டிங் என்பது திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி. அறை ஆளுக்கொன்று இருந்தாலும் தண்ணீர்த் தொட்டி பொது. தப்பில்லை, மலிவுக்கு அதுதான் வழி. ஆனால் மேன்ஷன்காரர் யாரும் வாசலில் 'அளவற்ற தண்ணீர்' என்று போர்டு மாட்டுவதில்லை. தாங்கள் 'அன்லிமிடெட் பேண்ட்விட்த்' என்று மாட்டினீர்கள். அளவு எங்கே இருக்கிறது என்று விதிமுறைப் பக்கத்தின் அடியில் போய்ப் பார்த்தேன். கோப்புகள் இத்தனைக்கு மேல் கூடாது, சிபியு இவ்வளவுதான், ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு மேல் வரக்கூடாது. இவை எல்லாவற்றுக்கும் மேலே 'நியாயமான பயன்பாடு' என்று ஒரு வரி. எது நியாயம் என்பதைத் தாங்களே முடிவுசெய்வீர்களாம்.

அந்த நியாயத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் கண்டேன். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துக் குளம் ஒன்று உடைந்த சமயம், அதைப் பற்றி நான் முன்பு எழுதியிருந்த குறிப்பை யாரோ வாட்ஸப் குழுக்களில் போட்டுவிட்டார்கள். ஜனம் வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் தாங்கள் காட்டியது ஒரு வெள்ளைப் பக்கம், அதில் '508' என்று ஓர் எண், 'வள வரம்பு எட்டப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. குளத்துக்குத்தான் மதகு உண்டு என்று நினைத்திருந்தேன், கட்டுரைக்கும் ஒன்று வைத்திருக்கிறீர்கள். சாட் பெட்டியில் சிரித்த முகத்தோடு இருக்கும் அந்தப் பெண்ணிடம் முறையிட்டேன். மேல் பிளானுக்கு மாறிக்கொள்ளச் சொன்னது. அது பெண் அல்ல, மனிதரும் அல்ல என்பது மூன்றாவது பதிலிலும் அதே வாக்கியம் வந்தபோதுதான் புரிந்தது.

விஷயம் தெரிந்த பையன் ஒருவன் பிறகு விளக்கினான். என் தளம் வேர்ட்பிரஸில் ஓடுகிறது. ஒவ்வொரு வாசகர் வரும்போதும் பின்னால் ஒரு புரோகிராம் எழுந்து, டேட்டாபேஸைக் கேட்டு, பக்கத்தைப் புதிதாகச் சமைத்துக் கொடுக்கிறது. பத்துப் பேருக்குச் சமைக்கும், ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் வந்தால் மூச்சு முட்டும். என் குறிப்புகளோ ஒருமுறை எழுதினால் வருடக்கணக்கில் மாறாதவை. வெறும் எச்டிஎம்எல் கோப்பாகச் செய்து வைத்துவிட்டால் எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் வேலை. அந்த வேலையை கிட்ஹப் பேஜஸ் காசு வாங்காமல் செய்கிறது. தளம் ஒரு ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதப் போக்குவரத்து 100 ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பையும் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறது. சொந்த டொமைனையும் அதில் இணைத்துக்கொள்ளலாம். கிளவுட்ஃபிளேர் பேஜஸிலும் இதே மாதிரி வசதி உண்டு. கம்ப்யூட்டர் பக்கம் தலைவைக்காதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது கூகுளின் பிளாகர்.

இலவசத்தை நம்பி மோசம்போன கதைகளும் தெரியாமல் இல்லை. இலவசமாக இடம் தந்த ஜியோசிட்டிஸ் 2009-ல் மூடப்பட்டது. டோகெலாவ் தீவின் .டிகே பெயர்களை அள்ளிக் கொடுத்த ஃப்ரீநம், மெட்டா வழக்குப் போட்ட பிறகு 2023-ல் புதுப் பதிவை நிறுத்தி, அடுத்த ஆண்டு தொழிலையே விட்டது. அதனால்தான் இடத்துக்குக் காசு கொடுக்காவிட்டாலும் பெயருக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறேன். பெயர் என் கையில் இருந்தால் நாளைக்கு வேறு இடத்தில் பாயை விரித்துக்கொள்ளலாம்.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. முதல் வருடம் இலவசமாகத் தந்த .காம் டொமைனுக்கு இப்போது வருடம் 1,499 கேட்கிறீர்கள். .காம் பெயர்களை மொத்தத்தில் விற்கும் வெரிசைன், டொமைன் பதிவாளர்களிடம் வாங்கும் விலையை 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆக்கியது. மொத்த விலைக்கே லாபம் வைக்காமல் கொடுக்கும் பதிவாளரும் உண்டு. தங்கள் பில்லில் 'பிரைவசி பாதுகாப்பு' என்று தனியாக 699 ரூபாய். ஐரோப்பியத் தரவுச் சட்டம் 2018-ல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து தனிநபர்களின் முகவரியை, டொமைன் உரிமையாளர்களைக் காட்டும் ஹூஈஸ் பட்டியலில் பெரும்பாலான பதிவாளர்கள் தாமாகவே மறைத்துவிடுகிறார்கள். எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு இன்னொரு 999. லெட்ஸ் என்கிரிப்ட் அதை 2015-லிருந்து உலகத்துக்கே சும்மா கொடுக்கிறது.

தங்கள் பில் போடும் பக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று டார்க் பேட்டர்ன் என்று 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடைசெய்தது. அந்தப் பட்டியலைத் தாங்கள் பாடத்திட்டம் என்று எடுத்துக்கொண்டீர்களோ? 'ஆஃபர் முடிய இன்னும் 2 மணி 14 நிமிடம்' என்று ஒரு கடிகாரம். பக்கத்தை மறுபடி திறந்தால் மறுபடி 2 மணி 14 நிமிடம். இது போலி அவசரம். நான் தொடாத மூன்று பெட்டிகளில் டிக் தானாக விழுந்திருந்தது கூடையில் திணித்தல். வரியும் கட்டணமும் படிப்படியாக முளைத்தது சொட்டுச் சொட்டாய் விலையேற்றுதல். பேக்கப் வேண்டாம் என்று சொல்ல நான் அழுத்த வேண்டிய பட்டன், 'பரவாயில்லை, என் உழைப்பு அழிந்தாலும் கவலையில்லை'. இது வெட்கப்படவைத்தல். ஓர் ஆய்வு மாணவருக்கு ஒரே பக்கத்தில் இத்தனை எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

பேக்கப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பேக்கப்பும் தளமும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அதற்குக் காசு கொடுத்துப் பயனில்லை. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். என் ஐம்பத்தோரு எம்பியை நான் ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்கிறேன்.

தங்களை விட்டு எங்கே போவது என்று 'சிறந்த 10 ஹோஸ்டிங்' பட்டியல்களையும் புரட்டினேன். அவற்றை எழுதுகிறவர்களுக்கு ஆள் சேர்த்தால் கமிஷன் உண்டு. சேர்ந்த ஆள் முதல் வருடம் கட்டும் பணத்தைவிட அது அதிகமாக இருப்பதும் உண்டு. கடை மாறினாலும் முதலாளி மாறாமல் இருக்கலாம். ப்ளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர், நம் ஊர் பிக்ராக் மூன்றையும் 2010-லிருந்து 2014-க்குள் எண்டியூரன்ஸ் என்ற ஒரே அமெரிக்க நிறுவனம் வாங்கியது. 2021-ல் அதன் ஹோஸ்டிங் தொழில் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து நியூஃபோல்ட் டிஜிட்டல் ஆனது.

எனவே ஐயா / அம்மையீர், தங்கள் 299 ரூபாய்ப் பிளானை நன்றியுடன் மறுக்கிறேன். டொமைனை வேறு பதிவாளரிடம் மாற்றுவதற்கான ஈபிபி கோடை எனக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். கேட்டதிலிருந்து ஐந்து நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகேனின் விதி. சிரித்த முகத்துப் பெண் இதற்கும் மேல் பிளானைப் பரிந்துரைக்கமாட்டார் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் மதிப்புமிக்க வாடிக்கையாளர்.

நகல்: சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்க நினைக்கும் வாசகர்களுக்கு, தகவலுக்காக. எந்த ஹோஸ்டிங் வாங்கினாலும் கொட்டை எழுத்து விலையை விட்டுவிட்டு, ரெனியூவல் விலையை ஜிஎஸ்டியோடு கூட்டிப் பாருங்கள். டொமைனை ஒரு கடையிலும் இடத்தை இன்னொரு கடையிலும் வாங்குங்கள்.