பெரட்டுக்களத்துல நாற்காலி ஏது?

ஏன்டா பேராண்டி, கதவச் சாத்திக்கிட்டுத்தான் மீட்டிங் பேசுற. ஆனா இந்தக் கொட்டாஞ்சேனை பிளெட்ஸ் சுவரு மெல்லிசு, தாத்தா காது கூர்மை. கால் மணி நேரம்னு சொல்லிட்டு உள்ள போன. முக்கால் மணி நேரம் கழிச்சு வெளிய வர்ற. செவ்வாக்கிழம கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் கியூகூட இதவிட வெரசா நகருமே!

தோட்டத்துச் சேறு ஒட்டக்கூடாதுன்னுதான் உன்னப் படிக்க வச்சோம். நீ என்னடான்னா கம்ப்யூட்டருக்குள்ள, தோட்டத்துல காலையில வேலை பிரிக்கிற மாதிரி பெரட்டு வைக்கிற. வை, வேணாங்கல. ஆனா நாங்க பெரட்டுக் 'கலைக்கிறது'ன்னுதான் சொல்லுவோம், கூட்டுறதுன்னு சொன்னதில்ல. விடியக்காலத்துல தப்புச் சத்தம் கேக்கும். சனம் பெரட்டுக்களத்துல வந்து நிக்கும். கணக்கப்பிள்ள செக்ரோலப் பாப்பாரு. இவங்க கவ்வாத்து, அவங்க மேமலையில கொழுந்து. அவ்வளவுதான், களம் காலி. நேத்து எத்தன கிலோ எடுத்தேன்னு அங்க எவளும் வியாக்கியானம் பண்ண மாட்டா. அதத் தராசு சொல்லிரும். உன் கம்பனியிலயும் வேலைய எழுதி ஒட்டுற போர்டு இருக்காமே, அப்புறம் எதுக்கு ஆளாளுக்கு வாசிச்சுக் காட்டுறாங்க?

'நேத்து என்ன, இன்னைக்கு என்ன, தடங்கல் என்ன'ன்னு மூணு கேள்வி கேக்குற. இந்த மீட்டிங்குக்கு வழி சொல்ற ஸ்க்ரம் புத்தகத்துலயே 2020-ல அந்த மூணையும் எடுத்துட்டாங்கன்னு சொன்னதும் நீதான். நான் கேட்டா தடங்கல மட்டுந்தான் கேப்பேன். அதயும் ரெண்டு பேரு இழுத்தா, தனியாப் போய்ப் பேசுங்கடான்னு அனுப்பிருவேன். மத்த ஏழு பேரு எதுக்குப் பாவம் கொட்டாவி விடணும்?

அதோட, நீ தலைவன்னு நடுவுல மூஞ்சியக் காட்டாத. கங்காணி மொகத்தப் பாத்தா எவனும் உண்மையப் பேச மாட்டான். நானே கங்காணியா இருந்தவன்தான், எங்கிட்ட எத்தன பேருக்கு 'வயித்துவலி' வந்துச்சு தெரியுமா! பிந்தி வந்தவனுக்கு நாங்க அரைப்பேர் போட்டு அரை நாள் சம்பளத்த வெட்டுனோம். அந்தப் பாவத்த நீ பழகாத.

அமெரிக்காவுல புளூடோர்ன்னு ஒருத்தரும் கூட்டாளிகளும் 1999-ல ஆராய்ச்சி எழுதுனாங்களாமே. உக்காந்து பேசுனவங்க நின்னு பேசுனவங்களவிட 34 சதவீதம் கூட நேரம் எடுத்தாங்களாம், முடிவு மட்டும் ஒண்ணும் ஒசத்தியில்லயாம். பெரட்டுக்களத்துல நாற்காலி போட்டு நானும் பாத்ததில்ல, அப்பு.

அந்தா, டொங்குங்குது. உன் தப்பு அடிச்சிருச்சு, ஓடு. போறப்ப அந்த நாற்காலிய இப்பிடித் தள்ளிவிட்டுட்டுப் போ. எனக்குக் கால் வலிக்குது.