ஜமாபந்திக்கு வந்த தம்பிக்கு

வாங்க தம்பி, உக்காருங்க. திண்ணையில வேண்டாம், அங்க டவர் எடுக்காது. இந்த வேப்பமரத்தடியில உக்காந்தா ரெண்டு கோடு காட்டும், உங்களுக்கு அதுதானே வேணும். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுற கணக்கைக் கம்ப்யூட்டர்ல ஏத்துறாங்கல்ல, அது உருப்படியா நடக்கான்னு மார்க்கு போட வந்திருக்கீங்கன்னு பஞ்சாயத்து கிளார்க்கு சொன்னான். நானும் கணக்கு வாசனை பிடிச்ச ஆளுதான். ஊர்க் கணக்கு எழுதுற கர்ணத்துக்குப் பின்னால நோட்டைத் தூக்கிட்டு அலைஞ்ச தலையாரி. 1980ல எம்.ஜி.ஆர். கர்ணம் வேலையை எடுத்துட்டாரு. கர்ணத்தோட வித்தையை மட்டும் எந்த ராசாவாலயும் எடுக்க முடியல.

அது என்ன வித்தைன்னா, சாவடியில உக்காந்துக்கிட்டே அடங்கல் எழுதுறது. புல எண் இன்னது, பயிர் கம்பு, விளைச்சல் பத்தணா. புலத்துல போய்ப் பாத்தா கருவேல முள்ளு நிக்கும். வருசத்துக்கு ஒருக்கா ஜமாபந்தி. அதிகாரி வந்து இந்த நோட்டும் அந்த நோட்டும் பொருந்துதான்னு பாப்பாரு. பொருந்தாம எங்க போகும், ரெண்டையும் எழுதுனது ஒரே கைதானே? கையெழுத்தைப் போட்டுட்டு மோரைக் குடிச்சுட்டுப் போயிருவாரு. நீங்க மோர் குடிக்கீங்களா?

சரி, உங்க டேப்லட்டைக் காட்டுங்க. அடேயப்பா, எங்க வட்டாரம் பூராவும் பச்சை! சில இடத்துல நூத்துக்கு நூறையே தாண்டிப் போகுமாமே? அதுல அதிசயம் ஒண்ணுமில்ல. ஊசி போட்ட பிள்ளையை இன்னைக்கு எண்ணுதாங்க. போட வேண்டிய பிள்ளை எத்தனைன்னு பழைய கணக்கை வச்சு மதிப்புப் போடுதாங்க. கடைசியா நாட்டுல தலை எண்ணுனது 2011ல. 2021ல எண்ண வேண்டியது கொரோனாவுல தள்ளிப்போச்சு. பழசால புதுசை வகுத்தா என்ன வருமோ அதுதான் வரும். மிஷினு வகுத்தல்ல தப்பே பண்ணாது தம்பி. எனக்குப் பயமே அதுதான்.

எங்க ஊர்ல கருப்பசாமி எத்தனை பேருன்னு கேட்டுப் பாருங்க, கோயில்ல இருக்கவரைச் சேக்காம. பிறந்த அன்னைக்குப் பிள்ளைக்குப் பேரே கிடையாது. ஆஸ்பத்திரியில ‘மாரியம்மாள் குழந்தை’ன்னு ஏறும். மூணாம் மாசம் குலசாமி கோயில்ல ஒரு பேரு, பள்ளிக்கூடத்துல சேக்குறப்ப நியூமராலஜி பாத்து இன்னொரு பேரு. போதாக்குறைக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டுல. சிவகாசியில வாக்கப்பட்ட பொண்ணு விளாத்திகுளத்துல வந்து பெத்துக்கும். ஒன்றரை மாச ஊசி, ரெண்டரை மாச ஊசி, மூணரை மாச ஊசி மூணும் இங்க. ஒம்பதாம் மாசத்து அம்மை ஊசி மாமியார் ஊர்ல. இதுக்குத்தான் தமிழ்நாட்டுல ‘பிக்மி’ன்னு ஒண்ணை வச்சு, பிள்ளை வயித்துல இருக்கும்போதே தாய்க்கு 12 இலக்க நம்பர் கொடுக்காங்க. பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த நம்பரைக் கேக்காங்க. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், நான் ஒண்ணும் குத்தம் சொல்லல. ஆனா மார்க்கு போடுறதுக்கு முன்னால இப்படி ஊரு மாறுன பிள்ளை ஒண்ணைப் பிடிச்சு, அது கம்ப்யூட்டர்ல ஒத்தப் பிள்ளையா இருக்கா, ரெட்டைப் பிள்ளையா இருக்கான்னு பாருங்க. ரெட்டையா இருந்தா, பெத்த கம்ப்யூட்டருக்கே சீர் செஞ்சிருவோம்.

அடுத்த ஊசிக்கு நாள் வந்தா மெசேஜு போகுதுன்னு சொல்லுதீங்க. யாருக்குப் போகுது? பதிஞ்சிருக்கது புருசன் நம்பரு. அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஓவர்டைம் பாக்கான், பிள்ளை இங்க தொட்டில்ல கிடக்கு. லோன் தாரோம்னு வர்ற மெசேஜோட சேத்து இதையும் அழிச்சுப்போடுவான். எங்க ஊரு பொண்ணுகளை ஊசிக்கு இழுத்துட்டு வர்றது நர்சம்மா தெருவுல போடுற சத்தமும், முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல ஊசியோட முடிச்சுப் போட்டு வச்சிருக்க தவணைப் பணமும்தான். மெசேஜு எத்தனை போச்சுன்னு எழுதி அறிக்கையை ரொப்பிராதீங்க.

கொரோனா ஊசியைப் பதிய கோவின் வந்துச்சே, 2021 ஜனவரியில. அந்த வருசம் அக்டோபர் 21ல நூறு கோடி ஊசியைத் தொட்டாங்க. அத்தனையையும் ஒரே இடத்துல பதிஞ்சு வச்சது லேசுப்பட்ட காரியமில்ல, தொப்பியைக் கழட்டணும். எனக்குத் துண்டுதான் இருக்கு. ஆனா மே மாசத்துல 18 வயசுல இருந்து 44 வயசு வரைக்கும் உள்ளவங்க ஆன்லைன்ல பதிஞ்சாத்தான் ஊசின்னு வச்சாங்க பாருங்க, அப்ப நடந்ததுதான் கூத்து. பட்டணத்துல கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைக புரோகிராம் எழுதி இடத்தைப் பிடிச்சாங்க. காரு போட்டுக் கிராமத்து ஆஸ்பத்திரிக்கு வந்து குத்திக்கிட்டுப் போனாங்க. உள்ளூர்க்காரன் காரு நம்பரைப் படிச்சுக்கிட்டு வாசல்ல நின்னான். ஸ்மார்ட்போன் இல்லாதவன் என்ன செய்வான்னு உச்ச நீதிமன்றமே கேட்டுச்சு. செத்துப்போனவருக்கு ரெண்டாவது ஊசி போட்டாச்சுன்னு வீட்டுக்கு மெசேஜு வந்த கதையும் பேப்பர்ல வந்துச்சு. அவரு மறுப்புத் தெரிவிக்கல, அதனால பதிவு நிலைச்சுப்போச்சு. இப்ப அதே அச்சுல பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் யூவின். 2023 ஜனவரியில 65 மாவட்டத்துல வெள்ளோட்டம் விட்டாங்க.

இன்னொரு கணக்கு சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. தேசிய குடும்பநல சர்வேக்காரங்க வீடு வீடாப் போயி, அட்டையைக் காட்டச் சொல்லி, அட்டை இல்லாட்டித் தாயைக் கேட்டு எழுதுவாங்க. தமிழ்நாட்டுல எல்லா ஊசியும் போட்ட பிள்ளைக 2005-06ல நூத்துக்கு 80.9. 2015-16ல 69.7. 2019-21ல 89.2. பிக்மி வந்தது முதல் சர்வேக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல. இறங்குனதுக்குக் கம்ப்யூட்டர்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஏறுனதுக்கு அதுதான் காரணம்னு நீங்களும் எழுதக் கூடாது. ஒப்பந்தமா?

வெளிநாட்டுக் கதையெல்லாம் சொன்னீங்களே, அதுவும் காதுல விழுந்துச்சு. 2013ல இருந்து ‘பாத்’ங்கிற அமைப்பு தான்சானியாவுலயும் ஜாம்பியாவுலயும் அரசாங்கத்தோட சேந்து இப்படித்தான் பதிவு முறையைக் கொண்டுவந்தாங்கன்னு. கம்ப்யூட்டர் வந்தப்புறமும் பல ஆஸ்பத்திரியில காகித நோட்டையும் விடலையாமே? எப்படி விடுவாங்க? கரண்டு போனா நோட்டு அணையாதே. பாகிஸ்தான்ல சிந்து மாகாணத்துல ஊசி போடுறவரு எங்க நிக்காருன்னு அவரு செல்போனே காட்டிக்கொடுக்குமாம். நல்ல யோசனைதான். அவரு தெருவுல நின்னது தெரியும். பிள்ளை அழுததா இல்லையான்னு செல்போன் எப்படிச் சொல்லும்?

அதனால எனக்குத் தெரிஞ்ச வழியைச் சொல்லுதேன். உங்க மிஷின்ல இருந்து கொஞ்சம் பேரை எடுங்க, வீடு தேடிப் போங்க, பிள்ளை இருக்கா, அட்டையில அதே தேதி இருக்கான்னு பாருங்க. ரேஷன் கார்டோட பாலித்தீன் பையில சுத்தி வச்சிருப்பாங்க, கேட்டா எடுத்துத் தருவாங்க. இடது தோளையும் பாருங்க, பி.சி.ஜி. போட்ட தழும்பு பெரும்பாலும் இருக்கும். அது பாஸ்வேர்டு கேக்காது. இது பாதி வேலை. மிச்சப் பாதியைத்தான் எல்லாரும் விட்டுட்டுப் போயிருதாங்க: தெருவுல விளையாடுற பிள்ளைகளைப் பிடிச்சு, அதுக பேரு மிஷின்ல இருக்கான்னு தேடுறது. கண்மாய்க்கு அந்தப்பக்கம் செங்கச்சூளை இருக்கு. ஒடிசாவுல இருந்து குடும்பத்தோட வந்து கல்லு அறுக்காங்க. அந்தப் பிள்ளைக எந்த ஊருக் கணக்குல இருக்கு? பதியாத பிள்ளைக்கு ஊசி பாக்கின்னு மிஷினு எந்தக் காலத்துலயும் சிவப்புக் காட்டாது. உங்க படம் பச்சையா இருக்கதுக்கு அந்தப் பிள்ளைக இல்லாததும் ஒரு காரணமா இருக்கலாம்.

நல்லதையும் சொல்லிருதேன், கிழவன் குதர்க்கம் பிடிச்சவன்னு எழுதிராதீங்க. மழையில அட்டை நனைஞ்சு கூழாப்போன தாய்க்கு அந்த 12 இலக்க நம்பர் கைகொடுக்கும். இந்த வாரம் யார் யாருக்கு ஊசி பாக்கின்னு பேரு வாரியா ஒரு பட்டியல் நர்சம்மா கைக்கு வருது பாருங்க, அது தங்கம். மருந்து எங்க எத்தனை குப்பி இருக்கு, பெட்டிக்குள்ள 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவுல சூடு நிக்கான்னு பாக்க 2015ல இருந்து ‘ஈவின்’ வந்திருக்கே, அதுக்கு நான் முழு மார்க்கு கொடுப்பேன். அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மருந்து தீந்துபோனா கீழ இருக்கவங்களுக்கும் தெரியும், மேல இருக்கவங்களுக்கும் தெரியும். எழுதுறவங்களுக்கே அந்தக் கணக்கு உதவுது. மத்தது பெரும்பாலும் மேல போயிட்டுத் திரும்பி வர்றதே இல்ல.

நர்சம்மா கதையைக் கேட்டீங்களா? அட்டையில ஒருக்கா எழுதணும், நோட்டுல ஒருக்கா எழுதணும், கம்ப்யூட்டர்ல ஒருக்கா ஏத்தணும். ஒரே ஊசி, மூணு எழுத்து. பகல்ல சர்வர் சுத்திக்கிட்டே இருக்குன்னு ராத்திரி வீட்டுல பிள்ளைகளுக்குச் சோத்தைப் போட்டுட்டு உக்காந்து ஏத்துதாங்க. தூக்கக் கலக்கத்துல ஏத்துன தேதியைத்தான் டெல்லியில படம் போட்டுப் பாக்காங்க. மதிப்பீடுன்னா இதையும் எழுதணும் தம்பி: இந்த மிஷினு வந்தப்புறம் அவங்களுக்கு ஒரு எழுத்தாவது குறைஞ்சிருக்கா? குறையலைன்னா தயவு தாட்சண்யம் இல்லாம அப்படியே எழுதிப்போடுங்க.

வர்ற புதன்கிழமை ஊசி நாளு. காலையிலயே வந்துருங்க, செங்கச்சூளைக்கும் சேத்து நான் கூட்டிட்டுப் போறேன். நர்சம்மா லேப்டாப்பை மூடுற வரைக்கும் இருந்து பாருங்க. அறிக்கையை அப்புறம் எழுதலாம்.