எடைமேடைக்கு முத்திரை உண்டு, தேர்வுக்கு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலை நடத்தும், பெயர் சொல்ல விரும்பாத நிறுவனத்தின் மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

என் அக்கா மகன் ஐடிஐ ஃபிட்டர். உங்கள் செக்யூரிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, டேப்லெட்டில் குணநலத் தேர்வு வைத்தீர்கள். ‘கூட்டத்தில் கலகலப்பாகப் பேசுவீர்களா?’ என்று ஒரு கேள்வி. ரோலிங் மில் சத்தத்தில் யார் பேசி யாருக்குக் கேட்கப்போகிறது என்று ‘இல்லை’ போட்டானாம். ‘அணியுணர்வு குறைவு’ என்று வந்துவிட்டது. கையில் வெர்னியர் கொடுத்திருந்தால் ஜீரோ எரர் பார்த்துவிட்டுத்தான் அளவே சொல்லியிருப்பான். அதை யாரும் கேட்கவில்லை.

உங்கள் துணிச்சலைப் பாராட்டுகிறேன். ஸ்கிராப் லாரி ஏறும் எடைமேடைக்குத் தொழிலாளர் துறை முத்திரை வேண்டும். ஒரே லாரிக்கு இரண்டு எடை காட்டினால் டிரைவர் சண்டைக்கு வருவார். ஆளை நிறுக்கும் தேர்வுக்கு அந்தத் தொல்லை இல்லை. அடுத்த மாதமே இன்னொரு கம்பெனியில் அதே தேர்வு. ‘பிறவித் தலைவர்’ என்று முடிவு. அன்றிலிருந்து அக்கா அவனை ‘வாங்க, போங்க’ என்கிறாள். ஒரே ஆளுக்கு ஒரே முடிவு வர வேண்டும் என்பதைத்தான் உளவியலார் முதல் பாடத்திலேயே நம்பகத்தன்மை என்று சொல்லித்தருகிறார்கள்.

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 39 மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு குணக்குறிப்பு கொடுத்தார். எல்லாருக்கும் ஒரே தாள்தான், வரிகள் சோதிடப் புத்தகத்தில் பொறுக்கியவை. ‘அப்படியே நான்தான்’ என்று சராசரியாக ஐந்துக்கு நாலுக்கு மேல் மதிப்பெண் போட்டார்கள். உங்கள் அறிக்கையைப் படித்த எங்கள் ஊர்க் கிளி ஜோசியர், இதற்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று மட்டும் விசாரித்தார்.

அறிக்கையில் ‘சராசரி’ என்று ஒரு கோடு. யாருடைய சராசரி? ஏசி அறைப் பட்டதாரிகளுடையதா, ஒடிசாவிலிருந்து வந்து ஷெட்டில் தங்கியிருப்பவர்களுடையதா? சி.எம். பாட்டியா என்ற இந்திய உளவியலார் 1955-இல் வெளியிட்ட அறிவுத்திறன் தேர்வில், எழுத்தறியாத பையன்களுக்கென்றே தனி அளவுகோல் வைத்தார். கட்டை அடுக்கச் சொன்னார், கட்டுரை எழுதச் சொல்லவில்லை.

டியூக் பவர் என்ற அமெரிக்க மின் நிறுவனத்தின் தேர்வு, கறுப்பினத் தொழிலாளர்களை நல்ல பிரிவுகளுக்குப் போகவிடாமல் தடுத்தது. தேர்வுக்கும் வேலைக்கும் உள்ள சம்பந்தத்தை நிறுவனம்தான் காட்ட வேண்டும் என்று 1971-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீங்களும் காட்டலாம். இந்த வருடம் எல்லாருக்கும் தேர்வு வைத்து, விடைகளைப் பார்க்காமல் பீரோவில் பூட்டுங்கள். கைவேலை பார்த்து ஆள் எடுங்கள். வருடம் கழிந்ததும் ஃபோர்மேன் நல்ல ஃபிட்டர் என்று யாரைச் சொல்கிறாரோ, அவர்கள் மதிப்பெண்ணை எடுத்துப் பாருங்கள். பொருந்தினால், என் மருமகனுக்கு அணியுணர்வு இல்லையென்று நானே எழுதித் தருகிறேன். ஃபோர்மேனுக்கு மட்டும் இந்தத் தேர்வை வைத்துவிடாதீர்கள், ஆலை நின்றுவிடும்.

இப்படிக்கு,
தாய்மாமன், எளாவூர்