நாவலாசிரியரை ஒழிக்க எளிய வழிகள்

உங்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க அதிகம் இல்லை. பாதி வேலையைப் பழக்கதோஷத்திலேயே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். அதையே வரிசைக்கிரமமாகச் செய்தால் பலன் இன்னும் நன்றாக இருக்கும். செய்முறை விளக்கத்துக்கு ஹெர்மன் மெல்வில் என்ற நியூயார்க்காரரை எடுத்துக்கொள்வோம். 1819-இல் பிறந்தவர், ‘மோபி டிக்’ எழுதியவர். அவரை ஒழிக்க நாற்பது வருடம் பிடித்தது. அவசரப்படக் கூடாது.

1. முதலில் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். தூக்கினால்தானே கீழே போட முடியும்? மெல்வில் 1841 ஜனவரியில் ‘அகுஷ்னெட்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறினார். மறுவருடம் மார்க்கெசஸ் தீவுகளில் ஒன்றில் கப்பலை விட்டு ஓடிப்போய், மனிதக்கறி தின்பவர்கள் என்று பெயரெடுத்தவர்களோடு தங்கினார். தங்கியது ஏறக்குறைய ஒரு மாதம். புத்தகத்தில் அது நான்கு மாதம். 1846-இல் ‘டைப்பீ’ என்ற அந்தப் புத்தகம் வெளிவந்ததும் அடித்துப்பிடித்து வாங்குங்கள்.

2. படித்து முடித்த கையோடு சந்தேகப்படுங்கள். “ஒரு மாலுமிப் பையனுக்கு இவ்வளவு நன்றாக எழுத வருமா?” என்று கேளுங்கள். நல்ல காலம், அவரோடு தப்பி ஓடிய தோழர் டோபி உயிரோடு பஃபலோ நகரில் இருந்தார். நடந்தது உண்மைதான் என்று பத்திரிகையில் சாட்சி சொன்னார். சாட்சி வந்துவிட்டதா? சரி, இதே மாதிரி இன்னொன்று கேளுங்கள். இதே தீவு, இதே தென்னை, இதே பெண்கள்.

3. ஒன்று தருவார் (‘ஓமூ’, 1847). அடுத்ததில் யோசிக்க ஆரம்பிப்பார் (‘மார்டி’, 1849). யோசிப்பதை வளரவிடாதீர்கள், வாங்காமல் இருங்கள். வீட்டில் கைக்குழந்தை. அதே வருடக் கோடையில் நான்கைந்து மாதத்துக்குள் இரண்டு கடற்கதைகளை எழுதிக் கொடுத்தார். மாமனார் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைமை நீதிபதி. அவருக்கு எழுதிய கடிதத்தில், மற்றவர்கள் மரம் அறுப்பதுபோல் பணத்துக்காகச் செய்த வேலைகள் இவை என்று ஒப்புக்கொண்டார். நீங்கள் பாராட்ட வேண்டியது இந்த இரண்டையும்தான். மனமாரப் பாராட்டுங்கள். எழுதியவருக்குப் பிடிக்காததைப் பிடித்துப்போவது ஒரு கலை.

4. இப்போது முக்கியமான கட்டம். அவர் பிட்ஸ்ஃபீல்டில் ஒரு பண்ணை வாங்கி, கிரேலாக் மலையைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து, தன்னிடம் இருந்ததையெல்லாம் ‘மோபி டிக்’ என்ற ஒரே புத்தகத்தில் கொட்டுவார். ஒற்றைக் காலோடு ஒரு கேப்டன், ஒரு வெள்ளைத் திமிங்கிலம், 135 அத்தியாயம். கைவைக்கவே இடமில்லாத மாதிரி தெரியும். மனம் தளராதீர்கள், பதிப்பகத்தார் இருக்கிறார்கள்.

1851 அக்டோபரில் லண்டனில் ‘தி வேல்’ என்ற பெயரில் மூன்று பாகமாக அச்சானது. 500 பிரதிகள். மதத்தைச் சீண்டும் இடங்களை வெட்டினார்கள். அது சாதாரணக் கத்திரி வேலை, யாரும் செய்வார்கள். மேதைமை கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கப்பல் உடைந்து எல்லோரும் மூழ்க, கதைசொல்லி இஷ்மயில் மட்டும் ஒரு சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்தான் என்று சொல்லும் சின்னஞ்சிறு பின்னுரை. லண்டன் பதிப்பில் அது இல்லை.

பிறகு விமர்சகர் வருவார். “எல்லோரும் செத்துப்போனால் இந்தக் கதையைச் சொல்வது யார்?” என்று கேட்பார். நியாயமான கேள்வி. பக்கத்தைத் தொலைப்பது ஒருவர், அது இல்லையே என்று எழுதியவரை அடிப்பது இன்னொருவர். வேலையை இப்படிப் பகிர்ந்துகொண்டால் யார் மனசாட்சியும் உறுத்தாது.

5. புத்தகத்தைப் படிக்காதீர்கள், விமர்சனத்தைப் படியுங்கள். அமெரிக்கப் பதிப்பில் அந்தப் பின்னுரை பத்திரமாக இருந்தது. ஆனாலும் லண்டன் ஏடுகளின் வசவை எடுத்துப்போட்டுத் தங்கள் தீர்ப்பை முடித்துக்கொண்ட அமெரிக்க ஏடுகள் உண்டு. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க எத்தனை நொடி ஆகும் என்று கேட்பீர்கள். கேட்க மாட்டீர்கள், தெரியும். சும்மா சொன்னேன்.

6. நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: வீடு மாறிவிடுங்கள். அந்த நாவல் பக்கத்து ஊரில் இருந்த எழுத்தாள நண்பர் நத்தானியல் ஹாத்தார்னுக்குத்தான் சமர்ப்பணம். அமெரிக்காவில் புத்தகம் வந்த அதே நவம்பரில் அவர் குடும்பத்தோடு அந்த வட்டாரத்தைக் காலி செய்தார்.

7. அடுத்த நாவலுக்குப் பைத்தியப் பட்டம் கட்டுங்கள். 1852-இல் ‘பியர்’ வந்தபோது நியூயார்க் ஏடு ஒன்று அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தலைப்பே போட்டது. மறுவருடம் டிசம்பரில் பதிப்பகத்தின் கிடங்கு தீப்பற்றி விற்காத பிரதிகள் எரிந்தன. இது உங்கள் கைங்கரியம் இல்லை. இருந்தாலும் மகிழ்ச்சி அடையலாம்.

8. பேச மேடை கொடுங்கள். மூன்று பருவம் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். முதல் வருடத் தலைப்பு ரோம் நகரத்துச் சிலைகள். நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, நரமாமிசம் எப்போது வரும் என்று காத்திருங்கள்.

9. கடைசியில் அரசு வேலை கிடைக்கட்டும். 1866-இல் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளர், நாளுக்கு 4 டாலர். 19 வருடம் மூட்டைகளையும் பெட்டிகளையும் சரிபார்த்தார். கைநீட்டிக் காசு வாங்காத மனிதர். அப்படிப்பட்டவருக்கு அந்த வேலை நிலைக்க, அவரை எடுத்துவிடாதீர்கள் என்று சகோதரியின் கணவர் மேலிடத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இரவில் வீட்டில் கவிதை எழுதுவார். எழுதட்டும். 1876-இல் சுமார் 18,000 வரியில் ‘கிளாரல்’ வந்தது, தாய்மாமன் கொடுத்த பணத்தில். விற்காத பிரதிகள் மூன்றே வருடத்தில் கூழுக்குப் போயின. கடைசி இரண்டு கவிதைத் தொகுப்புகளைச் சொந்தச் செலவில் 25 பிரதிகள் மட்டும் அடித்துக்கொண்டார். வாசகர்கள் எத்தனை பேர் என்று அவருக்கே தெரிந்துவிட்டது பாருங்கள். இந்த நிலைக்கு ஒருவரைக் கொண்டுவருவதுதான் நம் பயிற்சியின் உச்சம்.

இடையில் ஒரு கணக்கு: அமெரிக்காவில் அவர் வாழ்நாளில் ‘மோபி டிக்’ விற்றது சுமார் 3,200 பிரதி, கிடைத்தது சுமார் 556 டாலர். சுங்கத்துறையில் ஆறு மாதச் சம்பளத்தைக்கூடத் தொடவில்லை.

10. சாகும்போது அமைதி காக்கவும். 1891 செப்டம்பர் 28. பத்திரிகைகளில் சில வரி போதும். பிராங்ஸில் உட்லான் கல்லறையில் அவர் கல்லின்மேல் செதுக்கிய ஏட்டுச் சுருள் ஒன்று உண்டு. அதில் ஓர் எழுத்தும் இல்லை.

11. முப்பது வருடம் கழித்துக் கண்டுபிடியுங்கள். அதற்குமுன் வேண்டாம், ராயல்டி கேட்பார். ரேமண்ட் வீவர் என்ற ஆய்வாளர் மெல்வில்லின் பேத்தியிடமிருந்து பழைய காகிதங்களை வாங்கிப் பார்த்தபோது, யாருக்கும் தெரியாத ஒரு கதை கிடைத்தது. ‘பில்லி பட்’, 1924-இல் அச்சேறியது. கிறுக்கல் கையெழுத்தாயிற்றே, அங்கங்கே தப்பாகப் படித்தார். கதையில் வரும் போர்க்கப்பலின் பெயரையே மெல்வில் கடைசியில் மாற்றியிருந்தார்; நாம் பழைய பெயரோடே படித்து, விவாதித்து, 1951-இல் அதை வைத்து ஓபராவும் பாடி முடித்தோம். திருந்திய பதிப்பு 1962-இல் வந்தது. இறந்தபிறகும் பக்கங்களில் கைவைக்க முடியும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

12. இப்போது கொண்டாடுங்கள், தாராளமாக. ‘மோபி டிக்’ நாவலில் வரும் துணைக் கேப்டன் ஸ்டார்பக்கின் பெயரில் காபி குடியுங்கள். நாவலில் அவன் காபிப் பைத்தியம் இல்லை, பரவாயில்லை. “அமெரிக்காவின் மகத்தான நாவல்” என்று நாலு பேர் நடுவில் சொல்லுங்கள். தடியான பதிப்பாக வாங்கி, வருகிறவர் கண்ணில் படும் தட்டில் வையுங்கள். 32-ஆம் அத்தியாயத்தில் திமிங்கிலங்களைப் புத்தக அளவுபோல் வகைபிரிக்கும் இடம் வரும். அங்கே பேருந்து டிக்கெட்டைச் செருகி மூடிவிடுங்கள். ஏற்கெனவே செருகியிருப்பது தெரியும், எடுக்க வேண்டாம்.

கதவு தட்டும் சத்தம் கேட்கிறதா? உங்கள் தெருவில் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அந்த மனிதர்தான். கையில் ஒரு கட்டுக் காகிதம். உள்ளே கூப்பிடுங்கள், தண்ணீர் கொடுங்கள். “எத்தனை பக்கம்?” என்று கேளுங்கள்.